பதினான்கு உருப்படி வேண்டாம், நான்கு போதும்

கேள்வி: பல ஆண்டுகளாகப் பியானோ கற்பித்து வருகிறேன். பியானோ ஆசிரியர்கள் மாநாடு ஒன்றில் ஒரு மணி நேர அமர்வு நடத்த எங்கள் விண்ணப்பம் தேர்வாகியிருக்கிறது. சேர்ந்து வாசிக்கும் பியானோ இசையும் ஜனரஞ்சகப் பாணியும்தான் பொருள். நானும் தோழி ஒருவரும் சேர்ந்து நடத்துகிறோம். டூயட் (ஒரே பியானோவில் இருவர்), இரண்டு பியானோ, ஆறு கை (ஒரே பியானோவில் மூவர்), ராக்டைம், ப்ளூஸ், பாப் என்று பதினான்கு உருப்படிகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம். தோழி வேறு ஊரில் இருப்பதால் ஒத்திகைக்கு அதிகம் கூட முடியாது. வருபவர்கள் பெரும்பாலும் கிளாசிக்கல் பயிற்சியில் ஊறியவர்கள். ப்ளூஸ், பாப் என்றதும் “இதற்கா மாநாடு?” என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. அமர்வை எப்படி அமைப்பது? என்னென்ன கருவிகள் கேட்பது? மாணவர்களை மேடையேற்றலாமா? நோட்டேஷன் நகல்கள் கொடுக்கலாமா?

பதில்:

முதல் வேலையாகப் பட்டியலைக் குறையுங்கள். நிகழ்ச்சி நிரலில் ஒரு மணி நேரம் என்று இருந்தாலும் உங்கள் கைக்கு வருவது ஐம்பது நிமிடம்தான். அறிமுகம் செய்பவர் கொஞ்சம் பேசுவார். முந்தைய அமர்வுக்காரர் இன்னும் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார். பதினான்கு உருப்படி என்றால் ஒன்றுக்கு மூன்றரை நிமிடம். இருவரும் இடம் மாறி உட்கார்ந்து, பக்கத்தைத் திருப்பி, தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் அதில் பாதி போய்விடும். கடைசியில் அது கச்சேரியாகவும் இருக்காது, பாடமாகவும் இருக்காது. நான்கு போதும். மீதிப் பத்தையும் கையேட்டில் போட்டுவிடுங்கள்.

வருகிறவர்கள் ரசிகர்கள் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். நீங்கள் வாசிக்க வாசிக்க, எதிரில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் மாணவர் ஒருவரை அந்த பெஞ்சில் மானசீகமாக உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘இந்த இடத்தில் இவன் நிற்பானே, அப்போது நான் என்ன செய்வேன்?’ என்பதுதான் அவர் மனதில் ஓடும் கேள்வி. நீங்கள் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது. ஓர் உருப்படியை வாசித்து, பிரித்து, வேண்டுமென்றே குலைத்து, திரும்பச் சேர்த்துக் காட்டினால்தான் கிடைக்கும். மாநாட்டு அமர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன்: விண்ணப்பத்தில் பாடல் பட்டியல் நீளமாக இருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும், அமர்வை நடத்துபவர் எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறார் என்று.

சேர்ந்து வாசிப்பதையும் ஜனரஞ்சகப் பாணியையும் ஒரே அமர்வில் வைத்திருக்கிறீர்களே, அது நல்ல யோசனை. ஆனால் ஏன் நல்ல யோசனை என்பதை நீங்களே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை என்று உங்கள் பட்டியலைப் பார்த்தால் தெரிகிறது. இரண்டும் ‘ஜாலியான சமாச்சாரங்கள்’ என்பதால் ஒன்றாகச் சேர்ந்தவை போல இருக்கின்றன. உண்மைக் காரணம் வேறு. ராக்டைம், ப்ளூஸ், பாப் மூன்றிலும் மெலடி தாளத்தை விட்டு அடிக்கடி விலகிப் போகும். அடியில் தாளம் அசையாமல் நிற்கும். இரண்டையும் ஒரே ஆள் இரண்டு கையில் செய்வது கஷ்டம். கற்றுக்கொள்கிறவரின் இடது கை வலது கையைத் தொற்றிக்கொண்டு தானும் விலகிவிடும். தாளத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டால் கற்பவர் தைரியமாக விலகலாம், திரும்பவும் வரலாம். அமர்வு முழுவதும் இந்த ஒரே விஷயத்தைச் சுற்றட்டும். நான்கு உருப்படிகளையும் இதை வைத்தே தேர்ந்தெடுங்கள்.

உங்கள் தயக்கத்தைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. ‘ஜனரஞ்சக இசையும் மதிப்புக்குரியதே’ என்று ஒரு முன்னுரை எழுதி வைத்திருந்தால் அதைக் கிழித்துவிடுங்கள். வாதாடத் தொடங்கினாலே எதிர்க்கட்சி உருவாகிவிடும். அரங்கில் யாராவது கேட்டால் சொல்ல இரண்டு செய்திகளைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் 1908-இல் ராக்டைமுக்கென்றே ஒரு சிறு பயிற்சிப் புத்தகம் வெளியிட்டார். அதில் தாளப் பிரிவுகளைத் துல்லியமாக வாசிக்கச் சொல்கிறார், வேகமாக வாசிக்காதே என்கிறார். எந்தக் கிளாசிக்கல் ஆசிரியரும் தன் மாணவரிடம் தினம் சொல்வதுதான் இது. இரண்டாவது, பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம் போன்ற பழைமையான இசைத் தேர்வு அமைப்பே 1990களின் இறுதியில் ஜாஸ் பியானோவுக்குத் தனிப் பாடத்திட்டம் கொண்டுவந்து, அதில் மனோதர்மமாக வாசிப்பதையும் சேர்த்தது. இவ்வளவு போதும். மீதியை உங்கள் கைகள் சொல்லட்டும்.

இனி அந்த நான்குக்கு வருகிறேன்.

தொடக்கத்துக்கு எளிமையான டூயட் ஒன்று. ஆஸ்திரிய இசையமைப்பாளர் டியாபெல்லியின் ஓபஸ் (படைப்பு எண்) 149-இல் உள்ள 28 சிறு உருப்படிகளில் ஏதாவது ஒன்றை எடுங்கள். மேல் பகுதியான ப்ரிமோவுக்கு ஐந்தே ஸ்வரங்கள், கை இடம் மாறவே வேண்டாம். கீழ்ப் பகுதியான செகண்டோ ஆசிரியருக்கு. எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த சங்கதி என்பதால்தான் இதைச் சொல்கிறேன். தெரிந்த உருப்படியில் புதிதாக ஒன்றைக் காட்டினால் கவனம் முழுவதும் அந்தப் புதியதில் இருக்கும். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் இதே ஏற்பாட்டைத் தலைகீழாகவும் செய்து பார்த்தவர். 1915 வாக்கில் எழுதிய மூன்று எளிய டூயட்களில் செகண்டோ எளிது. 1917-இல் வந்த ஐந்தில் ப்ரிமோ எளிது. மாணவரைக் கீழே உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று பேச நேர்ந்தால் இதைக் குறிப்பிடலாம்.

டியாபெல்லியை ஒருமுறை ஒழுங்காக வாசியுங்கள். அடுத்த முறை வாசிக்கும்போது, ப்ரிமோவில் இருக்கும் உங்கள் தோழி ஐந்தாவது பாரில் (நோட்டேஷனில் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதி) தவறிவிடட்டும். நடிப்பு தேவையில்லை, கையை எடுத்துவிட்டாலே போதும். நீங்கள் நிற்காதீர்கள். செகண்டோவை அதே வேகத்தில் வாசித்துக்கொண்டே, சத்தமாக “ஏழு… எட்டு…” என்று பார் எண்ணைச் சொல்லுங்கள். தோழி நோட்டேஷனில் கண்ணை ஓட்டி ஒன்பதாவது பாரின் முதல் பீட்டில் (தாள அடியில்) சேர்ந்துகொள்ளட்டும். இவ்வளவுதான், அரை நிமிட வேலை. ஆனால் தனியாக வாசிக்கும் மாணவர்கள் தவறியதும் நின்று, திரும்பிப் போய், திருத்திவிட்டுத்தான் மேலே போவார்கள் என்பது அறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. அந்தப் பழக்கத்தைச் சொல்லித் திருத்த முடியாது. பக்கத்தில் நிற்காத ஒருவர் உட்கார்ந்தால் தானாகவே போகும். இதைச் செய்து காட்டிய பிறகு, ‘தவறியவர் திரும்பிப் போகக் கூடாது; அடுத்த சொற்றொடரின் தலையில் போய்க் காத்திருக்க வேண்டும்’ என்ற விதியை ஒரே வரியில் சொல்லுங்கள்.

கூடவே, ஒலியை நீட்டும் பெடலைப் பற்றி ஒரு நிமிடம். டூயட்டில் வழக்கமாகப் பெடலை மிதிப்பவர் செகண்டோதான். கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும் இடம் அவர் கையில் இருக்கிறது. ஆனால் அவர் காது தன் பகுதியிலேயே இருந்தால் மேலே உள்ள மெலடி குழம்பிப்போகும். நீங்கள் பெடலை மட்டும் மிதியுங்கள், இரண்டு பகுதிகளையும் தோழியும் முன்வரிசையில் இருக்கும் ஓர் ஆசிரியரும் வாசிக்கட்டும். கை சும்மா இருக்கும்போது காது எவ்வளவு கூர்மையாகிறது என்று பார்ப்பவர்களுக்கே புரியும். மாணவர்களுக்கும் இது நல்ல பயிற்சி. ஏனோ இதை யாரும் அதிகம் செய்வதில்லை.

இரண்டாவது உருப்படி பாப் பாணி. குறிப்பிட்ட பாட்டு எதுவும் வேண்டாம், நான்கு கார்டுகள் போதும்: சி, ஜி, ஏ மைனர், எஃப். எண்ணற்ற பாப் பாடல்கள் இந்த வரிசையில் ஓடுகின்றன. கார்டு எழுத்துகளை மட்டும் திரையில் போடுங்கள், ஸ்டாஃப் (ஐந்து கோட்டு நோட்டேஷன்) வேண்டாம். அரங்கில் ஒரு சின்னச் சலசலப்பு கேட்கும். மெத்தப் படித்த பியானோ ஆசிரியர்களில் பலருக்கு வெறும் எழுத்தைப் பார்த்து வாசிப்பது கூச்சம் தரும் விஷயம். அதைக் கேலி செய்யாதீர்கள். உடனே கையைக் காட்டுங்கள்.

ஜி-சி-ஈ என்று வலது கையை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அதுதான் சி கார்டு. அடுத்து ஜி கார்டுக்கு ஜி-பி-டி. ஜி அப்படியே இருக்கிறது, மற்ற இரண்டும் பக்கத்துக் கட்டைக்கு இறங்குகின்றன. ஏ மைனருக்கு ஏ-சி-ஈ. மூன்று விரலும் ஒரு படி மேலே. எஃப் கார்டுக்கு ஏ-சி-எஃப். ஒரே ஒரு விரல் நகர்கிறது. கை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. (ஜி-பி-டியிலிருந்து ஏ-சி-ஈக்குப் போகும்போது கிளாசிக்கல் இலக்கணம் விலக்கும் இணை ஐந்தாம் சுரங்கள் வருகின்றனவே என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பார். வரத்தான் செய்கின்றன, இந்தப் பாணியில் அது குற்றமில்லை. சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு நகருங்கள்.) தோழி இடது பக்கத்தில் உட்கார்ந்து அந்தந்தக் கார்டின் அடிப்படை ஸ்வரத்தை மட்டும் பேஸாக வாசிக்கட்டும். மூன்றாமவர் ஒருவர் மேலே மெலடி வாசிக்கலாம். கீபோர்டில் இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மிடில் சி-யைச் சுற்றிக் கார்டுகள், அதற்கு இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே பேஸ், ஒரு ஆக்டேவ் மேலே மெலடி. கார்டுகளை அடியில் கொண்டுபோனால் என்ன சேறாகிறது என்பதை ஒருமுறை வாசித்தே காட்டிவிடுங்கள்.

இப்போது விலகலைக் கொண்டுவாருங்கள். பாப் பாடல்களின் அச்சு நோட்டேஷன் மாணவர்களை மிரட்டும். பாடகர் இழுத்தும் முந்தியும் பாடியதை அப்படியே எழுத்தில் பிடிக்கப் பார்த்து, எட்டாம் பாக (அரை பீட்) ஸ்வரங்களும், ஸ்வரத்தை நீட்டும் டைகளும், மௌனத்தைக் குறிக்கும் ரெஸ்ட்களுமாகப் பக்கம் நிறைந்துவிடும். வாயால் பாடத் தெரிந்த மாணவரே அதைப் படிக்க முடியாமல் திணறுவார். பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம் ஒன்றே ஒன்று. “ஒன் அண்ட் டூ அண்ட் த்ரீ அண்ட் ஃபோர் அண்ட்” என்று எண்ணுகிறோம் அல்லவா? அடுத்த பாரின் ‘ஒன்’னில் வர வேண்டிய மெலடி ஸ்வரம், அரை பீட் முந்திக்கொண்டு இந்தப் பாரின் கடைசி ‘அண்ட்’டிலேயே வந்துவிடும். வந்து, டை போட்டு, அடுத்த பாருக்குள் நீளும். கிளாசிக்கல் கை இங்கே இரண்டில் ஒரு தப்பைச் செய்யும். ஒன்று, டையை மதிக்காமல் ‘ஒன்’னில் மறுபடி அழுத்தும், அல்லது முந்திய ஸ்வரத்தோடு சேர்த்து பேஸையும் முந்தவிடும்.

இதற்கு மருந்து டூயட்தான். பேஸ்காரர் ‘ஒன்’னைக் கல் மாதிரி வைக்கட்டும். மெலடிக்காரர் அந்தக் கடைசி ‘அண்ட்’டில் வாசித்துவிட்டு, ‘ஒன்’ விழும்போது கையை அசைக்காமல் காத்திருக்கட்டும். தன் ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடியில் ‘ஒன்’ வந்து விழுவதை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அந்த உந்தல் காதில் தங்கிவிடும். பிறகு பென்சிலால் நோட்டேஷனில் முந்தும் ஸ்வரங்களை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். பயமுறுத்திய பக்கத்தில் ஐந்தாறு வட்டங்கள்தான் மிஞ்சும். இந்தப் பகுதிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் அமர்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவதாகப் பன்னிரண்டு பார் ப்ளூஸ். இதற்கு நீங்கள் வாசிக்கவே வேண்டாம், அரங்கில் இருப்பவர்களை அழைத்து வாசிக்க வையுங்கள். ஒரே பியானோவில் மூன்று பேர். பேஸுக்கு: நான்கு பார் சி, இரண்டு பார் எஃப், இரண்டு பார் சி, பிறகு ஜி ஒன்று, எஃப் ஒன்று, கடைசி இரண்டு பார் சி. நடுவில் இருப்பவருக்கு ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டே ஸ்வரங்கள். சி-க்கு ஈயும் பி பிளாட்டும். எஃப்-க்கு ஈ பிளாட்டும் ஏயும். அதாவது இரு விரலும் அரை ஸ்வரம் இறங்குகின்றன. ஜி-க்கு எஃப்பும் பி-யும். முதலில் இருந்த இடத்திலிருந்து அரை ஸ்வரம் ஏறுகின்றன. மூன்று செவன்த் கார்டுகளும் கை ஒரு அங்குலம் நகராமல் கிடைத்துவிடுகின்றன என்பதைப் பார்த்ததும் அரங்கில் பேனாக்கள் ஓடத் தொடங்கும். மேலே இருப்பவருக்கு சி, ஈ பிளாட், எஃப், ஜி பிளாட், ஜி, பி பிளாட் ஆகிய ஆறு ஸ்வரங்கள். இவற்றுக்குள் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

“எதை வேண்டுமானாலும்” என்றால் ஆள் உறைந்துபோவார். அதனால் சுதந்திரத்தைக் குறைத்துக் கொடுங்கள். முதல் சுற்றில் ஒரே ஸ்வரம், விருப்பமான தாளத்தில். அடுத்த சுற்றில் மூன்று ஸ்வரம். இரண்டு பார் வாசி, இரண்டு பார் சும்மா இரு. மெட்ரோனோமை 96-இல் வைத்தால் பன்னிரண்டு பார்கள் சரியாக அரை நிமிடத்தில் முடியும். ஒரு சுற்று முடிந்ததும் மூவரும் ஓர் இடம் நகர்ந்து, புதியவர் ஒருவர் உள்ளே வரலாம். உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டாவது, நான்காவது பீட்டில் கை தட்டட்டும். பழக்க தோஷத்தில் பாதிப் பேர் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவார்கள். சரிசெய்ய ஒரு சுற்று செலவானால் ஆகட்டும், நல்ல சிரிப்பும் கிடைக்கும்.

ஸ்விங் (எட்டாம் பாக ஜோடிகளில் முதலாவதை நீட்டி, அடுத்ததைக் குறுக்கி வாசிப்பது) பற்றிக் கட்டாயம் ஒருவர் கேட்பார். அதைப் புள்ளியிட்ட எட்டாம் பாகமும் பதினாறாம் பாகமுமாக வாசிப்பதுதான் கிளாசிக்கல்காரர்கள் வழக்கமாகச் செய்வது. மூன்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதம் நொண்டி நடைபோல விறைப்பாகக் கேட்கும். நடுத்தர வேகத்தில் மூன்றாகப் பிரித்து இரண்டுக்கு ஒன்று என்று தொடங்கலாம். வேகம் ஏற ஏற விகிதம் சமத்தை நோக்கிப் போகும். அதிவேக ஜாஸில் எட்டாம் பாகங்கள் ஏறக்குறைய நேராகவே விழுகின்றன. எந்த விகிதமும் ஒரே எண்ணில் நிற்பதில்லை, ஆகவே கேட்டுத்தான் பழக வேண்டும். பியானோக் கலைஞர் பைன்டாப் ஸ்மித்தின் 1928-ஆம் ஆண்டு பூகி-வூகி (துள்ளலான ப்ளூஸ் பியானோ பாணி) ஒலிப்பதிவிலிருந்து இருபது விநாடி ஒலிக்க விடுங்கள். அமர்வில் ஒலிப்பதிவுக்கு உள்ள இடம் அவ்வளவுதான். முழுப் பாட்டையும் ஓடவிட்டு, அது முடியும்வரை நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

நான்காவதாக நீங்களும் தோழியும் மனமாரக் கச்சேரி வாசிக்கலாம். மற்ற மூன்றிலும் கையைக் கட்டிப்போட்டதற்கு இது ஈடு. ராக்டைம் அல்லது பூகி பாணியில் ஒரு டூயட் எடுங்கள். ஒத்திகை குறைவு என்பதால் உங்கள் திறமைக்கு இரண்டு படி கீழே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இருவரும் ஒரே பதிப்பை வைத்திருக்கிறீர்களா, பார் எண்கள் ஒன்றுதானா என்று பாருங்கள். மெட்ரோனோம் வேகத்தைப் பேசி முடிவுசெய்து, அவரவர் பகுதியை அந்த வேகத்தில் ஒலிப்பதிவு செய்து மாற்றிக்கொள்ளுங்கள். இருவருமே மற்றவரின் ஒலிப்பதிவோடு வாசித்துப் பழகலாம். இணையத்தில் நேரலையில் சேர்ந்து வாசிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வழக்கமான வீடியோ அழைப்பில் ஒலி பிந்தி வருவதால் தாளம் நிற்காது. நேரில் சந்திக்கும்போது மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்: தொடக்க மூச்சு, முடிவு, இருவர் கையும் ஒரே கட்டைக்குப் போகும் இடங்கள். செகண்டோ பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்வரத்தையே அடுத்த கணம் ப்ரிமோ வாசிக்க வேண்டியிருந்தால், செகண்டோ எங்கே முன்கூட்டி விடுவது என்று பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். யார் மணிக்கட்டு மேலே, யாருடையது கீழே என்பதையும்தான். ஒத்திகையில் அது சிரிப்பு, மேடையில் இடி.

டூயட்டின் வரலாறு பற்றிப் பேச ஆசை இருந்தால், இங்கே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு வருவதற்கு முன்பு ஐரோப்பிய வீடுகளில் பலர் சிம்ஃபனிகளை அறிந்துகொண்டதே நான்கு கை பியானோப் பதிப்புகள் வழியாகத்தான். பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள் முதலில் டூயட்டாக வந்தவை. ராவெல் தன் ‘தாய் வாத்து’ டூயட் தொகுப்பை நண்பரின் இரண்டு குழந்தைகளுக்காக எழுதினார். 1910-இல் அதை முதலில் மேடையேற்றியவர்களும் இரண்டு சிறுமிகள்தான். டூயட் சிறுபிள்ளைகளுக்கானது என்று உதட்டைப் பிதுக்குபவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஆமாம், ராவெலும் அப்படித்தான் நினைத்தார்.

ஆறு கை, எட்டு கை, இரண்டு பியானோ இவற்றை விட்டுவிடுகிறோமே என்று வருந்தாதீர்கள். ப்ளூஸில் மூன்று பேர் உட்காரும்போது ஆறு கை வந்துவிடுகிறது. இரண்டு பியானோ உருப்படிகள் அற்புதமானவைதான், ஆனால் ஒரே சுருதியில் நிற்கும் இரண்டு நல்ல பியானோ வைத்திருக்கும் ஆசிரியர் அந்த அறையில் எத்தனை பேர் இருப்பார்கள்?

கருவிகள் விஷயத்தில் ஏற்பாட்டாளர்களுக்கு இப்போதே எழுதுங்கள். ஒரு அக்கவுஸ்டிக் பியானோ, ஒரு டிஜிட்டல் பியானோ, உயரம் மாற்றக்கூடிய பெஞ்சுகள், டிஜிட்டலிலிருந்து அரங்கின் ஒலிபெருக்கிக்குக் கேபிள் இணைப்பு. டிஜிட்டலின் சொந்த ஸ்பீக்கர் வாசிப்பவருக்குக் கேட்கும் அளவுக்குப் பின்வரிசைக்குக் கேட்காது. ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையே உள்ள பிந்தல் தாளத்தைக் கொன்றுவிடும். இரண்டு கருவிகளையும் சேர்த்து வாசிப்பதானால் அன்று காலையில் சுருதி பாருங்கள். டிஜிட்டல் பொதுவாக ஏ 440-இல் நிற்கும். அக்கவுஸ்டிக் கொஞ்சம் இறங்கியிருந்தால் கடைசி நேரத்தில் டியூனரைத் தேட வேண்டாம். டிஜிட்டலின் அமைப்புகளில் போய் அதைக் கீழே இறக்கிவிடலாம்.

இன்னொன்று, பெரும்பாலானவர்களுக்கு அமர்வு தொடங்கிய பிறகுதான் உறைக்கும். கிராண்ட் பியானோவின் மூடி அரங்கை நோக்கித் திறக்குமாறு வைத்தால், வாசிப்பவரின் வலது பக்கம் அரங்கைப் பார்க்கும். டூயட்டில் அந்தப் பக்கம் உட்காருபவர் ப்ரிமோ. அவர் உடம்பு செகண்டோவின் கைகளை மறைத்துவிடும். உங்கள் அமர்வில் பேஸும் கார்டுகளும் பெடலும்தான் பாடம். அவையே யார் கண்ணிலும் படாது. கட்டைகளுக்கு மேலே ஒரு கேமரா, பின்னால் ஒரு திரை கேளுங்கள். கேமரா கிடைக்காது என்றால், தரமான கைபேசி ஒன்றை உயரமான ஸ்டாண்டில் மாட்டி ப்ரொஜெக்டரோடு கேபிளால் இணைத்தால் போதும்.

மாணவர்களை அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாநாட்டு விதி அனுமதித்தால், பெற்றோர் சம்மதித்தால், ஒரு ஜோடியை மட்டும். அதுவும் உங்களிடம் படிப்பவர்களில் முதல் மாணவர்கள் வேண்டாம். நடுத்தரமாக வாசிக்கும், கூச்சமில்லாத இருவர் பொருத்தம். ஒத்திகை செய்து முடித்த உருப்படியை வாசிக்க வைக்காதீர்கள். பாதி கற்ற ஒன்றை எல்லோர் முன்னிலும் ஐந்து நிமிடம் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். அந்த இருவருக்கும் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும், மேடையில் தவறப்போவது எதிர்பார்த்ததுதான் என்பதும். பிள்ளை தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். தோழியே மாணவியாக நடிக்கட்டும்.

நகல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பதிப்புரிமை உள்ள நோட்டேஷனை முழுதாக நகலெடுத்துக் கொடுக்கக் கூடாது, ஆசிரியர்களுக்குத்தானே என்றாலும். பல நாடுகளில் இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. சில நாடுகளில் இன்னும் குறைவு. டியாபெல்லி இறந்தது 1858-இல், ஜாப்ளின் 1917-இல். மூலப் படைப்புகளில் சிக்கல் இல்லை. ஆனால் அவற்றுக்கு யாராவது அண்மையில் செய்த டூயட் வடிவத்துக்குத் தனி உரிமை உண்டு. பிரபலமான பாப் பாடலை நீங்களே டூயட்டாக மாற்றி எழுதியிருந்தாலும் அதை விநியோகிக்க உரிமையாளர் அனுமதி தேவை. நான்கு கார்டு வரிசையும் பன்னிரண்டு பார் ப்ளூஸும் யாருக்கும் சொந்தமில்லை என்பதும் நான் அவற்றைச் சொன்னதற்கு ஒரு காரணம். கையேட்டில் உங்கள் பத்து உருப்படிகளின் தலைப்பு, இசையமைப்பாளர், பதிப்பகம், எந்த நிலை மாணவருக்கு, எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். அந்தக் கடைசிக் குறிப்புக்காகத்தான் அதைப் பத்திரப்படுத்துவார்கள்.

அந்தப் பத்தில் உங்கள் சொந்தப் படைப்போ, நீங்கள் விற்கும் புத்தகமோ இருந்தால் முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிடுங்கள். பதிப்பகங்களின் விளம்பர நிகழ்ச்சிகளையும் கல்வி அமர்வுகளையும் பல மாநாடுகள் தனித்தனியாகத்தான் வைக்கின்றன.

கேள்வி நேரத்தைக் கடைசிக்கு ஒதுக்காதீர்கள். பாப் பகுதி முடிந்ததும் ஐந்து நிமிடம், ப்ளூஸ் முடிந்ததும் ஐந்து நிமிடம் என்று பிரித்துவிடுங்கள். டூயட்டை வாசித்து முடித்ததும் அடுத்த அமர்வுக்காரர் வாசலில் நிற்பார். பெஞ்சை அவருக்கு விட்டுவிட்டு, மிச்சக் கேள்விகளை வெளியே வந்து நின்றபடி பேசிக்கொள்ளலாம்.